கல்லூரிக்கு மார்க் போடுவது யார்?

ராஜபாளையம் என்றதும் நாய் நினைவுக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும். ஆனால் இந்தப் பகுதி தொழிலை நம்பி வாழும் பகுதி. 1936ல் தொடங்கிய ராஜபாளையம் மில், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகள், பால்கோவா அடுப்புகள் என்று பட்டியல் நீளும். இங்கே ஒரு பிள்ளை படித்து முடித்தால் வீட்டில் கேட்பது ஒரே கேள்விதான்: "வேலை கிடைக்குமா?"

அந்தக் கேள்விக்குக் கல்லூரி பதில் சொல்ல வேண்டுமா? ஒரு காலத்தில் அந்த அவசியமே இல்லை.

1857ல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துத் தொடங்கப்பட்டது. கல்லூரி பாடம் நடத்தும். பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் தரும். 1966ல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தபோதும், 1973ல் ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி தொடங்கியபோதும் இதே ஏற்பாடுதான். தேர்வில் தோற்றால் தோற்றது மாணவன். கல்லூரிக்கு யாரும் மார்க் போடவில்லை!

கோத்தாரி கமிஷன் (1964-66) நல்ல கல்லூரிகளுக்குத் தன்னாட்சி தரச் சொன்னது. 1978ல் தமிழ்நாட்டில் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. பாடத்திட்டமும் அவர்களே, கேள்வித்தாளும் அவர்களே, திருத்துவதும் அவர்களே. அப்படியானால் அவர்களைச் சரிபார்ப்பது யார்? 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 1994ல் பெங்களூரில் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று குழு (நாக்) உருவானது. கல்லூரி முதலில் தன்னைப் பற்றித் தானே ஓர் அறிக்கை எழுத வேண்டும். பிறகு வெளியிலிருந்து பேராசிரியர் குழு வந்து பார்க்கும். வணிகவியல் மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னால், நிறுவனம் கணக்கு எழுதுகிறது, ஆடிட்டர் சரிபார்க்கிறார்.

இதே ஆண்டுகளில்தான் சமுதாயக் கல்லூரியும் இங்கே வந்தது. அமெரிக்காவில் 1901ல் ஜோலியட் நகரில் தொடங்கிய முறை இது. இந்தியாவில் 1995ல் புதுச்சேரியிலும், 1996ல் சென்னையிலும் தொடங்கியது. பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கு வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலையிடத்திலேயே பயிற்சி என்பதுதான் திட்டம். பின்னர் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இவற்றுக்கு அங்கீகாரம் தந்தது.

இதில் மதிப்பீட்டு முறைதான் புதுமை. மாணவர் தன்னைத் தானே மதிப்பிட வேண்டும், ஆசிரியரும் மதிப்பிடுவார், பயிற்சி தந்த தொழிலிடத்தின் மேற்பார்வையாளரும் மதிப்பிடுவார். மூன்றும் சேர்ந்ததுதான் முடிவு. மற்ற கல்லூரிகளில் இல்லாத மூன்றாவது ஆள் இங்கே இருக்கிறார்!

அந்த மூன்றாவது ஆள் ஏன் முக்கியம்? தனக்குத் தானே எழுதும் அறிக்கையில் குறை எழுத யாருக்கும் மனம் வராது. கிரேடு நல்லபடி வந்தால் நிதி வரும், மாணவர்கள் வருவார்கள். இதை உணர்ந்து, 2017ல் நாக் தன் முறையை மாற்றித் தகவல் சரிபார்ப்பையும் மாணவர் கருத்துக் கணிப்பையும் சேர்த்தது. அப்படியும், 2025 பிப்ரவரியில் கிரேடுக்கு லஞ்சம் என்ற வழக்கில் ஆய்வுக் குழுவினரையே சி.பி.ஐ. கைது செய்தது. ஆடிட்டரும் கணக்கு எழுதியவரும் கைகோத்தால் ஐந்தொகை எவ்வளவு அழகாக இருந்தும் என்ன பயன்?

சத்திரப்பட்டித் தறிக்காரரிடம் இந்த வித்தை செல்லாது. படித்து வந்த பையனுக்குத் தறி ஓட்டத் தெரியுமா, தெரியாதா என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். படிப்பை முடித்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் வேலையில் இருக்கிறார்கள்? இந்த ஒரு கணக்கை ஒவ்வொரு சமுதாயக் கல்லூரியும் எழுதி, வாசலில் ஒட்டிவைத்தால் போதும். வீட்டில் கேட்கும் அந்தக் கேள்விக்கு அதுவே நேர்மையான பதில்.