ராயப்பர் ஊரும் ஐம்பத்து மூணு மணியும்

இன்னிக்கு ஒரு சின்னக் கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன். ராயபுரம் யாரோட ஊரு? யாரோ ஒரு ராயர், ராஜா பேருன்னுதான் முதல்ல தோணும். ஆனா தமிழ்க் கத்தோலிக்கர்கள் புனித பேதுருவை 'இராயப்பர்'னு சொல்வாங்க. அந்தப் பேர்ல இருந்துதான் ராயபுரம் வந்ததுன்னு பரவலா சொல்றாங்க. பேதுரு ஒரு மீனவர். பொருத்தமான பேருதான்.

அந்தக் கோயிலைக் கட்டினது படகோட்டிகள். 19ஆம் நூற்றாண்டோட முற்பகுதியில மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போடும். ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவர்றது மசூலா படகு. ஆணி கிடையாது, பலகைகளைக் கயிறு போட்டுத் தைச்சிருப்பாங்க. 1870களில் துறைமுக வேலை ஆரம்பிச்சது. 1881 புயல் அதையும் உடைச்சுப் போட்டது. அப்படிப்பட்ட கடல்ல தினமும் இறங்கினவங்க கையில ஒரு செபமாலை இருந்திருந்தா, அதுல ஆச்சரியம் என்ன?

இந்தச் செபம் தமிழுக்கு வந்த கதை இன்னும் பழசு. 1542ல பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரங்க உதவியோட முக்கியமான செபங்களைத் தமிழ்ல ஆக்கி, மனப்பாடம் பண்ணிச் சொல்லிக் கொடுத்தார். 1554ல லிஸ்பன்ல ஒரு சின்னப் புத்தகம் அச்சாச்சு. எழுத்து ரோமன், மொழி தமிழ். அதுல மரியாள் செபமும் இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வார்த்தைகள்தான். பழைய கத்தோலிக்க வீடுகள்ல இதுக்குப் பேரு 'மந்திரம்': பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம். ஜெபமாலைங்கிற வார்த்தையும் சைவரும் வைணவரும் சொல்ற அதே 'ஜபமாலை'தான். ஐம்பத்து மூணு தடவை அருள் நிறை மந்திரம் சொல்றதால, '53 மணி ஜெபமாலை'.

ராயபுரத்துல இருந்து வடக்கே போனா திருவொற்றியூர். கடலோரத்துல பட்டினத்தார் சமாதி. அந்த மரபுல 108 ருத்ராட்சம். வடசென்னை மசூதிகள்ல தஸ்பீஹ்: 33 மணி, இல்லன்னா 99. எண்ணிக்கை வேற, விரல் பண்ற வேலை ஒண்ணு. எத்தனை ஆச்சுன்னு கணக்கு வைக்கிற பொறுப்பை மணி எடுத்துக்குது. மனசுக்கு அந்தச் சுமை இல்லை.

இது வெறும் நம்பிக்கையான்னு கேட்டா, 2001ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு இத்தாலிய ஆய்வு வந்தது. 23 பேர். லத்தீன்ல மரியாள் செபம், அப்புறம் 'ஓம் மணி பத்மே ஹூம்'. ரெண்டு சமயத்துலயும் மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறா குறைஞ்சது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோட சேர்ந்து ஏறி இறங்கின. சின்ன ஆய்வுதான். ஆனா நீளமா ஒரு வரி சொன்னா மூச்சு தானா நீளும்னு நாமளே வீட்ல சோதிச்சுப் பார்க்கலாம்.

இப்போ ஒரு கஷ்டமான கேள்வி. 2023 டிசம்பர்ல எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் மிதந்தது. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சு மக்கள் மூச்சுத் திணறி ஓடினாங்க. இந்த ஊர்ல போய் "மாலையை உருட்டு, அமைதி கிடைக்கும்"னு சொல்றது நியாயமா?

மணி உருட்டினா அமோனியா நிக்காது. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அதுக்கப்புறம் அந்த ஜனங்க நாள்கணக்கா போராட்டத்துல உட்கார்ந்தாங்க. அப்படி உட்காரவும் பொறுமை வேணும். பயத்தை ஓரமா வைக்கத் தெரியணும். மசூலா படகுக்காரரும் அலையை நிறுத்தலை. ரெண்டு அலைக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைப் பார்த்துத் துடுப்பு போட்டார். மணிமாலை தர்றதும் அந்த இடைவெளியைத்தான்னு நான் நினைக்கிறேன். அதுல என்ன பண்றோம்ங்கிறது நம்ம கையில.