திறந்தவெளியும் தீக்குச்சியும்: வடசென்னையில் புகைத்தடை

புகைபிடிக்கத் தடை என்றதும் சுகாதாரம், நாகரிகம் என்கிற சொல்லாடல்தான் முன்னே வந்து நிற்கிறது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிலாளி நன்றாய் அறிந்த தடை வேறு. அது நெருப்பைப் பற்றியது. சரக்கையும் எந்திரத்தையும் காப்பதற்கானது, அவன் நுரையீரலை அல்ல.

திருவொற்றியூரை ஒட்டிய மணலியில் 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டத்தின் விதிகளின்படி இப்படிப்பட்ட இடத்தில் பீடி பற்றவைப்பதும் கூடாது, தீப்பெட்டி வைத்திருப்பதும் கூடாது. ஃபூக்கோவைக் கூப்பிடாமலே விளங்குகிற விஷயம்தான்: ஆலைக்குள் போகிற உடல், வாசலிலேயே கண்காணிப்புக்கு உட்பட்ட உடல். இந்தத் தடைக்குக் கீழ்ப்படிந்தார்கள். வேலை போய்விடும் என்பது ஒரு காரணம். பற்றிக்கொண்டால் முதலில் வேகிறது நாமதான் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை மேலிருந்து ஒழுங்கு போதிக்கிறவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை.

இதே திருவொற்றியூரில்தான் ஸ்வீடன் மூலதனத்தில் பிறந்த விம்கோவின் தீப்பெட்டி ஆலை இருந்தது. ரயில் நிலையத்தின் பெயரே விம்கோ நகர். சிகரெட் தொழிலுக்குத் துணையாக 1925இல் ஐ.டி.சி. தொடங்கிய அச்சு-அட்டைப்பெட்டிப் பிரிவுக்கும் இங்கே ஆலை உண்டு. குச்சியும் பெட்டியும் செய்துகொடுத்த ஊர் இது.

ரயில் என்றதும் இன்னொரு சட்டம். இராயபுரம் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. பின்னால் வந்த 1890 ரயில்வே சட்டம், சக பயணிகளின் சம்மதமின்றிப் பெட்டியில் புகைத்தால் இருபது ரூபாய் வரை அபராதம் என்றது. காலனியச் சட்டம்தான். ஆனாலும் அதில் 'சம்மதம்' என்றொரு சொல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டாக வேண்டும்.

2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. பொது இடத்தில் தடை, மீறினால் இருநூறு ரூபாய் வரை. 'பொது இடம்' என்பதில் திறந்தவெளி சேராது என்றது சட்டம். 2008 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்த விதிகளோ திறந்தவெளி அரங்கம், விளையாட்டரங்கம், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் 'மற்றும் இவை போன்ற இடங்கள்' திறந்தவெளி ஆகா என்றன. கடற்கரை இவை போன்றதா? பூங்கா? இந்தத் தெளிவின்மையில்தான் காவலரின் விருப்பம் குடியிருக்கிறது.

சரி, வடசென்னையில் பொழுதுபோக்க வெளி எங்கே? 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கியபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே கடல் கரையைத் தின்றது. இராயபுரத்துக்கு மிஞ்சியது கருங்கல் கொட்டிய ஓரம். அப்புறம் 1949 செப்டம்பர் 17இல் தி.மு.க. தொடங்கப்பட்ட இராபின்சன் பூங்கா போல ஒன்றிரண்டு. ஒண்டிக்குடித்தனக்காரனுக்கு வெளி என்பது உல்லாசம் அல்ல, வீட்டின் இன்னொரு அறை. சட்டமோ வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. வெளியே ஊதாதே என்று துரத்தப்பட்டவன் பத்தடி அறைக்குள் போய் ஊதினால் அதைத் தின்பது மனைவியும் பிள்ளையும்.

ஆலைப்புகை பெரிசு, ஆகவே பீடிப்புகை ஒன்றுமில்லை என்று நம் தோழர்கள் சிலர் பேசுவதுண்டு. மோசடி வாதம் அது. லாபம் புகையிலை முதலாளிக்கு. 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகையையும் பீடியையும் இழுத்தது ஒரே நெஞ்சுதான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்டிருக்கவில்லை.

கீழ்ப்படிதல் என்று அதிகாரிகள் எண்ணுவது அபராதச் சீட்டுகளை. பேருந்து நிறுத்தத்தில் நடப்பது வேறு. "அண்ணே, கொழந்த இருக்குது, அப்பால போய்ப் புடிங்க" என்கிறாள் ஒரு பெண். முனகிக்கொண்டே நகர்கிறார், சில சமயம் குச்சியை மிதித்து அணைக்கிறார். பலகையை அவர் படித்திருக்க மாட்டார். 1890இன் அந்தச் சொல் சட்டத்திலிருந்து போனபின் இங்கேதான் வசிக்கிறது. பெரும்பாலும் பெண்களின் வாயில்.