குறைவலு நுண்கட்டுப்படுத்திச் சுற்று: சித்தாண்டி வயல்வெளிக்கான நீர்மட்ட அளவியை முன்வைத்து

குறைவலுச் சுற்று என்பது, நுண்கட்டுப்படுத்தி ஒன்றை நடுவில் வைத்து, வீட்டு மின்சாரத்தை நம்பாமல் சிறு பற்றரியிலேயே மாதக்கணக்கில் அல்லது ஆண்டுக்கணக்கில் இயங்குமாறு அமைக்கப்படும் மின்னணுச் சுற்றாகும். செயலி, நினைவகம், நேரங்காட்டி, உள்ளீட்டு வெளியீட்டு முனைகள் எல்லாம் ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினியே நுண்கட்டுப்படுத்தி. கடைகளிலும் வகுப்புகளிலும் மைக்ரோகன்ட்ரோலர் என்றே இதைக் கேட்கிறார்கள். கைக்கடிகாரம், டிஜிட்டல் வெப்பமானி, தொலைக்காட்சி றிமோட் என வீட்டுக்குள்ளேயே இதற்கு உதாரணங்கள் உண்டு. றிமோட்டுக்குப் பற்றரி போட்டதும் நீண்ட நாள் அதை மறந்துவிடுகிறோம். அப்படி மறந்திருக்க விடுவதுதான் இந்த வடிவமைப்பின் இலக்கு.

பொருளை விளக்க இக்கட்டுரை ஓர் ஊரையும் ஒரு கருவியையும் எடுத்துக்கொள்கிறது. சித்தாண்டி, மட்டக்களப்பு மாவட்டத்தின் ஏறாவூர்ப்பற்றில், மட்டக்களப்பு – திருகோணமலை வீதியில் உள்ள பழைய ஊர். சித்திரவேலாயுத சுவாமி கோயிலால் பெயர்பெற்றது. ஊருக்கு மேற்கே வட்டை வட்டையாக வேளாண்மைக் காணிகள். இந்தப் பகுதியில் வேளாண்மை என்றாலே நெல்தான். மாரியில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது ஆறும் வாய்க்காலும் வரம்பும் ஒன்றாகி, மேற்கே உள்ள ஊர்களுக்கான பாதைகள் நீரில் மூழ்கும். 2011 சனவரி, பெப்ரவரி வெள்ளங்களில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. இப்படிப்பட்ட வெளியில், ஆற்றோரக் கம்பம் ஒன்றில் நின்று நீர்மட்டத்தைப் பார்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊருக்குச் செய்தி அனுப்பும் சிறு பெட்டியே இங்கு எடுத்துக்காட்டு. அங்கே மின்கம்பி இல்லை. வெள்ளம் வந்தபின் பற்றரி மாற்றப் போகவும் வழி இல்லை. ஆகவே பெட்டி வேலை செய்தே ஆகவேண்டிய நாட்களில்தான் அதை யாரும் தொடமுடியாது.

வலு எங்கே செலவாகிறது

1963 இல் பெயார்சைல்ட் நிறுவனத்தில் பிராங்க் வான்லாஸ் முன்வைத்த சீமாஸ் முறையே குறைவலு மின்னணுவியலின் அடிப்படை. ஒன்று திறந்தால் மற்றது மூடும் இரண்டு திரான்சிற்றர்களைச் சோடியாக வைப்பது அந்த முறை. நிலை மாறாமல் இருக்கும்போது வழங்கியிலிருந்து நிலத்துக்கு வழியே இல்லாததால் மின்னோட்டம் மிகச் சொற்பம். நிலை மாறும் கணத்தில்தான் செலவு. அந்தச் செலவு மீடிறனுக்கு நேர்விகித சமன், வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் நேர்விகித சமன். 5 வோல்ற்றில் ஓடும் சில்லை அதே மீடிறனில் 3.3 வோல்ற்றுக்கு இறக்கினால் செலவு 44 சதவீதமாகும், 1.8 வோல்ற்றுக்கு இறக்கினால் 13 சதவீதம்.

மீடிறனைக் குறைத்துக்கொண்டே போனால் மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். பெரும்பாலும் அது பலிப்பதில்லை. சில் விழித்திருக்கும் வரை உணரியும் வானொலிப் பகுதியும் கூடவே விழித்திருக்கும். ஆகவே வேலையை விரைவாக முடித்துவிட்டுத் தூங்கப் போவதே நல்ல வழி.

தூக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை எண்கள் காட்டும். ஆர்டுயினோ பலகைகளால் மாணவரிடையே பரவிய ஏடிமெகா 328பி சில், 1.8 வோல்ற்றிலும் 1 மெகாஹேட்ஸிலும் இயங்கும்போது 0.2 மில்லிஅம்பியர் எடுக்கிறது. முழுத் தூக்கத்தில் 0.1 மைக்ரோஅம்பியர். வெளியே 32,768 ஹேட்ஸ் கடிகாரப் பளிங்கு ஒன்றை வைத்து நேரம் எண்ணவிட்டாலும் 0.75 மைக்ரோஅம்பியர்தான். அந்த எண் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. பதினைந்து தடவை இரண்டால் பிரித்தால் சரியாக ஒரு விநாடி கிடைப்பதால் கைக்கடிகாரங்களிலும் அதுவே இருக்கிறது. இச்சில்லின் நேரங்காட்டியால் ஒரே மூச்சில் 8 விநாடி மட்டுமே எண்ணமுடியும். பத்து நிமிடத்துக்கு அது 75 தடவை கண்விழித்து, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டு மறுபடி உறங்கும். ஒவ்வொரு விழிப்பும் விநாடியின் மிகச் சிறு பின்னம் என்பதால் கணக்கில் அது தெரியாது.

இவ்வளவு சிக்கனமான சில்லை வைத்தும் ஆர்டுயினோ யூனோ பலகை சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 45 மில்லிஅம்பியர் குடிக்கிறது. குடிப்பவை சில்லைச் சுற்றியுள்ள பாகங்களும், தூங்கச் சொல்லப்படாத நிரலும். குறைவலு வடிவமைப்பில் தவறுபவர்கள் தவறுவது அநேகமாக இங்கேதான், ஆகவே இந்தப் பகுதியைச் சற்று நின்று பார்ப்போம்.

சில்லைச் சுற்றி இருப்பவை

முதல் குற்றவாளி வோல்ற்றளவு ஒழுங்காக்கி. மலிவான பலகைகளில் வரும் ஏஎம்எஸ் 1117 தன்னை உயிரோடு வைத்திருக்கவே 5 மில்லிஅம்பியர் அளவு எடுக்கும். 1500 மில்லிஅம்பியர் மணிப் பற்றரியை அது தனியாக நின்றே பன்னிரண்டரை நாளில் குடித்து முடித்துவிடும். அதே வேலையை எம்சிபி 1700 என்ற ஒழுங்காக்கி 1.6 மைக்ரோஅம்பியரில் செய்கிறது. அதைவிட நல்லது ஒழுங்காக்கியே தேவைப்படாமல் செய்வது. இலிதியம் இரும்புப் பொஸ்பேற்றுக் கலம் முழுதாக ஏறியிருக்கும்போது 3.6 வோல்ற்று, பயன்பாட்டின் பெரும்பகுதியில் 3.2 வோல்ற்று அளவில் நிற்கும். ஏடிமெகா 328பி 1.8 முதல் 5.5 வோல்ற்று வரை தாங்கும். லோரா என்ற வானொலி முறையில் செய்தி அனுப்பும் எஸ்எக்ஸ் 1276 சில் 3.7 வரை தாங்கும். இரண்டையும் கலத்தோடு நேரே இணைக்கலாம்.

அடுத்தது மின் இருப்பைக் காட்டும் சிறு விளக்கு. 2 மில்லிஅம்பியர் எடுக்கும் எல்ஈடி ஒன்று அதே பற்றரியை ஒரு மாதத்தில் காலி செய்யும். வயல்வெளியில் அந்த வெளிச்சத்தைப் பார்க்க யாரும் இல்லை. பற்றாசுக்கோலால் தொட்டுக் கழற்றிவிட வேண்டும்.

மேலிழுப்புத் தடையிகளும் கவனத்துக்குரியவை. 10 கிலோஓம் தடையி ஒன்றின் மறுமுனை நிலத்தோடு சேர்ந்தே இருக்குமானால் 3.3 வோல்ற்றில் 330 மைக்ரோஅம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். தூங்கும் சில்லின் செலவைப் போல் அது நூற்றுக்கணக்கான மடங்கு. நீர் மேலேறும்போது மூடிக்கொள்ளும் மிதவை ஆளியைப் பயன்படுத்துபவர்கள் இதில் மாட்டுவார்கள். வெள்ளம் நின்று வடியும் நாட்கள் முழுவதும் ஆளி மூடியே கிடக்கும், பற்றரி இறங்கிக்கொண்டே போகும். பற்றரியின் வோல்ற்றளவை அறியப் போடும் இரட்டைத் தடையிப் பிரிப்பானுக்கும் இதே கதை. பார்க்கும் கணத்தில் மட்டும் அதை இணைக்கும்படி திரான்சிற்றர் ஆளி ஒன்றை முன்னால் வைப்பது வழக்கம்.

உணரிக்கும் அப்படியே ஓர் ஆளி வைப்பார்கள். ஆனால் உணரியின் வழங்கியைத் துண்டித்துவிட்டு அதன் சமிக்ஞைக் கம்பியை மட்டும் உயர்நிலையில் விட்டால், அந்தக் கம்பி வழியாகவே மின்னோட்டம் உணரிக்குள் புகுந்து, உள்ளே இருக்கும் பாதுகாப்பு இருவாயி ஊடாக அதை அரைகுறையாக உயிர்ப்பிக்கும். துண்டிக்குமுன் அந்த முனைகளை எல்லாம் தாழ்நிலைக்குக் கொண்டுவருவது நிரல் எழுதுபவரின் பொறுப்பு.

எதனுடனும் இணைக்காமல் அந்தரத்தில் விட்ட உள்ளீட்டு முனை இன்னும் விசித்திரமானது. அது உயர்நிலையிலும் இல்லை, தாழ்நிலையிலும் இல்லை. சோடித் திரான்சிற்றர் இரண்டும் பாதி திறந்து நிற்கும். வழங்கியிலிருந்து நிலத்துக்கு நேரே ஒழுக்கு. இதைக் கண்ணால் பார்க்கலாம். தூங்கும் சுற்றொன்றின் வழங்கிக் கம்பியில் பல்மானியை வைத்து, பலகைக்கு அருகே விரலைக் கொண்டுபோனால் அளவு துள்ளும். விரலை எடுத்தால் வேறோர் அளவில் போய் நிற்கும். பயன்படாத முனை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையை நிரலில் கொடுத்த பிறகு அந்தத் துள்ளல் நின்றுவிடும்.

ஒரு நாளின் கணக்கு

பெட்டி ஒவ்வொரு பத்து நிமிடமும் விழிக்கிறது என்று கொள்வோம். நீர்மட்டத்தை அளக்கும் மீயொலி உணரியும் சில்லும் சேர்ந்து 20 மில்லிஅம்பியரில் அரை விநாடி வேலை செய்கின்றன. பிறகு லோரா ஒலிபரப்பு 40 மில்லிஅம்பியரில் 0.4 விநாடி. ஒரு விழிப்புக்கு 26 மில்லிஅம்பியர் விநாடி. ஒரு நாளுக்கு 144 விழிப்பு. ஆக ஏறத்தாழ 1.04 மில்லிஅம்பியர் மணி. தூக்கத்துக்கு எல்லா ஒழுக்கும் சேர்த்து 10 மைக்ரோஅம்பியர் ஒதுக்கினால் 0.24. மொத்தம் 1.28 மில்லிஅம்பியர் மணி. 1500 மில்லிஅம்பியர் மணிக் கலத்தில் எழுபது சதவீதத்தை மட்டும் நம்பினாலும் இரண்டு வருடத்துக்கு மேல் வரும்: இரண்டு மாரி, இரண்டு சிறுபோகம். அதே கலம் யூனோ பலகையின் 45 மில்லிஅம்பியருக்கு 33 மணித்தியாலம் மட்டுமே தாங்கும்.

கோடையில் மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அப்போது விழிப்பின் செலவு நாளுக்கு 0.17 ஆகக் குறைந்து, தூக்கத்தின் 0.24 அதை முந்திவிடுகிறது. நீர் ஏறத் தொடங்கினால் நிரல் தானாகவே ஐந்து நிமிடத்துக்கு மாறலாம், செலவு 2.08 ஆகும், சில நாட்களுக்கு அது பொருட்டல்ல.

கணக்கின் பெரும்பங்கு ஒலிபரப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். லோராவில் தூரம் போதாவிட்டால் பரவல் காரணியை ஒரு படி கூட்டுவார்கள். ஒவ்வொரு படிக்கும் செய்தி காற்றில் இருக்கும் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கும், ஒலிபரப்பின் செலவும் இரட்டிக்கும். அன்ரனாவைக் கம்பத்தில் இன்னும் சற்று உயரத்தில் கட்டி ஒரு படி குறைக்க முடிந்தால் அது பெரிய பற்றரி வாங்குவதைவிட இலாபம். சித்தாண்டிக்கு மேற்கே நிலம் தட்டையாக இருப்பது இதற்குப் பெரிய வசதி. கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாக அனுப்பும் ஜிஎஸ்எம் பகுதியோ ஒலிபரப்பின் கணங்களில் 2 அம்பியர் வரை இழுக்கும். அருகில் பெரிய கொள்ளளவி இல்லையென்றால் வோல்ற்றளவு சரிந்து சில் மறுபடி மறுபடி புதிதாகத் தொடங்கும். சிஆர் 2032 போன்ற பொத்தான் கலங்களுக்கு அந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. கொள்ளளவு 225 மில்லிஅம்பியர் மணி அளவு இருந்தாலும் உள்தடை அதிகமாதலால் திடீர்ச் சுமையில் தளர்ந்துவிடும்.

அளப்பது

மைக்ரோஅம்பியரை அளப்பது பல்மானியை வைத்துப் பார்ப்பது போல் எளிதல்ல. மானியின் உள்ளே இருக்கும் தடையி, சில் விழிக்கும் கணத்தில் வோல்ற்றளவை விழுங்கி, சுற்றையே நிறுத்திவிடும். விலையுயர்ந்த கருவி இல்லாத பள்ளி ஆய்வுகூடத்துக்கு ஒரு நல்ல வழி உண்டு. 4700 மைக்ரோபரட் கொள்ளளவியை 3.3 வோல்ற்றுக்கு ஏற்றி, தூங்கும் சுற்றை அதில் ஓடவிட்டு, 0.1 வோல்ற்று இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. 47 விநாடி ஆனால் செலவு 10 மைக்ரோஅம்பியர். நாலரை விநாடியில் இறங்கினால் நூறுக்கு மேல். எங்கோ ஒழுக்கு இருக்கிறது. கொள்ளளவிக்கும் சொந்த ஒழுக்கு உண்டு என்பதால், சுற்றை இணைக்காமல் அதைத் தனியே ஒருமுறை பார்த்துக் கழிக்க வேண்டும்.

வயல்வெளியில்

மேசையில் சரியாக இருந்த சுற்று வயலில் பழுதாவதற்கு உப்பும் ஈரமும் காரணங்கள். பலகையில் மிஞ்சிய பற்றாசுப் பசை உப்புக் காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் இரு தடங்களுக்கிடையே ஒரு மெகாஓம் தடையி முளைத்தது போலாகும், 3.3 வோல்ற்றில் 3.3 மைக்ரோஅம்பியர் வீண். பலகையைக் கழுவி, உலர்த்தி, காப்புப் பூச்சுப் பூசுவது அவசியம். கம்பி பெட்டிக்குள் கீழிருந்து நுழைய வேண்டும், மேலிருந்து நுழைந்தால் மழைநீர் அதனோடு வழிந்து உள்ளே வரும். வெப்பமும் செலவைக் கூட்டும். சிலிக்கனின் ஒழுக்கு மின்னோட்டம் ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகைக்கும் இரட்டிக்கும், பற்றரியின் தன்னிறக்கமும் விரையும். வெள்ளைப் பெட்டியும் நிழலும் இங்கே மின்னணுவியலின் பகுதிதான். சோலார் பனல் சேர்ப்பதானால், மாரியில் ஒரு கிழமை வெயில் வராது என்று கொண்டே பற்றரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இலங்கையில்

இந்த வகை ஆய்வு நாட்டுக்குப் புதிதல்ல. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2007 இல், பொதுப் பேருந்துகளில் உணரிகளைப் பொருத்தி வீதிகளின் நிலையை அறியும் பஸ்நெற் என்ற திட்டத்தை வெளியிட்டார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் சுவிற்சர்லாந்து ஆய்வாளருடன் சேர்ந்து, திறந்த வன்பொருளால் ஆன மலிவான வானிலை நிலையங்களைத் தெதுரு ஓயா வடிநிலத்தில் நிறுவியது. கிழக்கில் சித்தாண்டிக்குப் பக்கத்து ஊரான வந்தாறுமூலையிலேயே கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமான நிறுவனம் அது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் வந்தபின் நுண்கட்டுப்படுத்தியைக் கையால் தொடும் மாணவர் தொகையும் கூடியிருக்கிறது. பலகையைக் கணினியில் செருகி விளக்கை மின்னவிடுவதோடு பல பாடங்கள் நின்றுவிடுகின்றன. தூக்க மின்னோட்டத்தை அளக்கும் பயிற்சி அதனோடு சேரவேண்டும். இதற்கு ஒரு கொள்ளளவியும் ஒரு பல்மானியும் ஒரு கடிகாரமும் போதும்.

இத்தகைய பெட்டி ஒன்றைச் செய்யும் மாணவருக்கு ஒரு வேண்டுகோள். மூடுவதற்குமுன், அளந்த தூக்க மின்னோட்டத்தையும் பற்றரி போட்ட திகதியையும் மூடியின் உள்பக்கத்தில் அழியாத மையால் எழுதிவையுங்கள். அடுத்த மாரிக்குமுன் திறப்பவர் மறுபடி அளந்து அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.