பெரு நாட்டின் பொன்னிறப் பானம்

சோடா நீர் ஒரு நாட்டின் பெருமைச் சின்னமாகக் கூடுமோ என்று ஐயுறுவோர் தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டை நோக்குதல் வேண்டும்.

இங்கிலாந்திலிருந்து லீமா நகருக்குக் குடிபெயர்ந்த லிண்ட்லி குடும்பத்தார், 1910ஆம் ஆண்டில் அங்கே ரீமாக் பகுதியில் சிறியதொரு சோடாத் தொழிற்கூடம் தொடங்கினர். 1935இல் லீமா தன் 400ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடிய வேளையில், 'இங்கா கோலா' என்னும் பொன்னிறப் பானத்தை வெளியிட்டனர்.

இப்பெயரில் ஒரு விந்தை உண்டு. 1535இல் லீமாவை நிறுவியவர் ஸ்பானியத் தளபதி பிசாரோ. 1533இல் இங்கா மன்னர் அதாவல்பாவைக் கொல்வித்தவரும் அவரே. வென்றவர் அமைத்த நகரின் விழாவில், வீழ்ந்தவர் பெயரைத் தாங்கிய பானத்தைக் குடியேறிய ஆங்கிலேயர் விற்றனர்! எனினும் மக்கள் அதனைத் தமதென்றே ஏற்றனர். நாட்டுச் சுவை என்ற விளம்பரமும், மூலைக் கடைகளிலும் சீன உணவகங்களிலும் உணவோடு பருகிய பழக்கமும் அதனை வேரூன்றச் செய்தன.

நெடுங்காலம் போட்டியிட்டும் அதனை வீழ்த்த இயலாத கொக்கோ கோலா நிறுவனம், 1999இல் ஏறத்தாழப் பாதிப் பங்கை வாங்கிற்று. 2015இல் லிண்ட்லி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு மெக்சிக்கோவின் ஆர்க்கா கொன்டினென்டல் நிறுவனத்தைச் சேர்ந்தது.

உடைமை கைமாறிற்று, பெயரும் நிறமும் நிலைத்தன. அப்படியாயின், 'தேசியப் பானம்' என்னும் சொல் யாரைச் சுட்டுகிறது? பருகுவோரையே சுட்டுகிறது எனலாம். ஆனால் ஆதாயம் சென்றடையும் இடம் வேறு. பற்று வேறு, உடைமை வேறு என்பதை மாணவர்க்குப் பிரித்துக் காட்டுதல் வரலாறு கற்பிக்கும் நம் கடனாகும்.