ஸ்டாக்ஹோம் கிறிஸ்துமஸ் சந்தைகள்

ஸ்வீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் நவம்பர் இறுதி தொடங்கிக் கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்கள் வரை கூடும் திறந்தவெளிச் சந்தைகள் இவை. ஏறத்தாழ 59 பாகை வட அட்சரேகையில் அமைந்த இந்நகரில், டிசம்பர் மாதத்தின் நடுப்பகுதிக்குப்பின் பகற்பொழுது சுமார் ஆறு மணி நேரமே நீடித்து, பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடுமாதலால், தீபங்களே இப்பண்டிகையின் உயிர்நாடியாக விளங்குகின்றன.

சந்தை கூடும் இடங்கள்

நகரின் பழம்பகுதியான கம்லா ஸ்டானில், 1520 நவம்பரில் டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியன் ஸ்வீடன் பிரபுக்கள் பலரைச் சிரச்சேதம் செய்வித்த ஸ்டூர்டோரியெட் சதுக்கத்தில், இந்நாளில் செவ்வண்ண மரக்கடைகள் வரிசையாக எழுகின்றன. வைக்கோலைக் கட்டிச் செய்த 'யூல்போக்' என்னும் கடா உருவம், கம்பளிக் கையுறை, மெழுகுவத்தி, புகையூட்டிய இறைச்சி ஆகியவை அங்கு விற்பனையாகும். யூர்கோர்டன் தீவிலுள்ள ஸ்கான்சன் சந்தையோ 1903 முதல் நடைபெற்றுவருவது. ஆலைத் தொழில் பெருகப் பெருகக் கிராம வாழ்வு மறைந்துபோவதைக் கண்டு கவலையுற்ற ஆர்தர் ஹசேலியஸ், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து, 1891-இல் அங்கே ஒரு திறந்தவெளி அருங்காட்சியகத்தை ஸ்தாபித்தார். ஆகவே, பண்டம் வாங்க வருவோர் அவ்வீடுகளுக்குள்ளும் புகுந்து, முற்காலக் குடியானவர்கள் பண்டிகை விருந்தை எவ்வாறு பரப்பிவைத்தனர் என்பதைப் பிரத்தியட்சமாகக் காணலாம்.

உணவும் பானமும்

ஏலம், கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவை சேர்த்துச் சூடாக்கிய 'கிளொக்' என்னும் திராட்சமது, உலர்ந்த திராட்சையும் பாதாமும் இட்டுச் சிறு கிண்ணங்களில் வழங்கப்படும். மெல்லிய இஞ்சி பிஸ்கட்டும், குங்குமப்பூ கலந்து இருமுனையும் சுருட்டிச் சுட்ட 'லுஸ்ஸெகாட்' ரொட்டியும் இக்காலத்து விசேஷப் பண்டங்கள்.

சம்பிரதாயங்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் வாரத்துக்கொன்றாக மெழுகுவத்திகளை ஏற்றிவருவதும், ஜன்னல்தோறும் காகித நட்சத்திர விளக்குகளைத் தொங்கவிடுவதும் வழக்கம். டிசம்பர் 13 லூசியா தினம். ஸ்வீடன் 1753-இல் புதிய பஞ்சாங்கத்துக்கு மாறுவதற்கு முன்பு, ஆண்டின் மிக நீண்ட இரவு இதுவே என்பது ஜனங்களின் நம்பிக்கை. சிசிலித் தீவில் உயிர்த்தியாகம் செய்த புனித லூசியாவின் பெயரால், வெள்ளுடையும் செந்நிற இடைக்கச்சையும் பூண்ட கன்னியொருத்தி, தலையில் தீபமுடி தாங்கி, பாடிவரும் தோழியர் புடைசூழ இருளினூடே நடந்துவருவாள். பிரதான விருந்து டிசம்பர் 24 மாலையில் நடைபெறும். ஊறவைத்த ஹெர்ரிங் மீனும், பன்றித்தொடை இறைச்சியும் அதில் தவறாமல் இடம்பெறும்.

ஜனவரி 13, க்னூட் தினத்தில், கிறிஸ்துமஸ் மரத்தின் அலங்காரங்களைக் களைந்து, அதில் தொங்கிய இனிப்புகளைச் சிறுவர் பகிர்ந்துண்ண, பண்டிகைக் காலம் நிறைவெய்துகிறது. அதற்குள் பகற்பொழுதும் சிறுகச் சிறுக நீளத் தொடங்கியிருக்கும்.