ஒன்றரைச் சுற்று

பித்தளையில் செய்தது, சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இராது. ஒரு முனையில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க ஒரு கீறல். மறுமுனை சரிந்து சரிந்து கூராகும். உடம்பைச் சுற்றி ஒரு சின்ன ஸ்பிரிங். கப்சாய் எனப்படும் சின்ன மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர் பக்கவாட்டில், எண்ணெயும் தூசியும் அப்பிக் கிடக்கும் ஒரு குழிக்குள் இது திருகியிருக்கும். கிள்ளான் பட்டறைகளில் ‘காத்து ஸ்க்ரூ’ என்பார்கள்.

திராட்டல் மூடியிருக்கும்போதும், கால்வாசி திறக்கும்வரையும் இஞ்சினுக்குள் எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. அதற்கு மேல் முறுக்கினால் நீடிலும் மெயின் ஜெட்டும் வேலையை எடுத்துக்கொள்ளும். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நின்று நின்று போகிறவருக்கு வாழ்க்கையே அந்தக் கால்வாசிக்குள்தான்.

இதன் பூர்வீகம் 1893 வரை போகிறது. அதற்கு முன் பெட்ரோலின் மேற்பரப்பில் எழும் ஆவியைப் பிடித்தே பெரும்பாலும் இஞ்சினை ஓட்டினார்கள். ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் டொனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும், ஏறக்குறைய ஒரே காலத்தில், சிறு துளை வழியே பெட்ரோலைக் காற்றோட்டத்தில் தெளிக்கும் கார்புரேட்டரைச் செய்தார்கள். மோட்டார் சைக்கிள் உலகில் அதைப் பரவலாக்கிய ஊர் இங்கிலாந்தின் பர்மிங்காம். அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்ற மூன்று பெயர்களும் 1927இல் ‘அமால்’ என்ற ஒரே பெயருக்குள் வந்தன. அமாலிடமிருந்து 1960இல் உரிமம் வாங்கியது ஜப்பானின் மிக்குனி. மிக்குனியிலிருந்து ஒரு கிளை தமிழ்நாட்டுப் பக்கமும் வந்தது. 1985இல் மிக்குனி, கார்புரேட்டர்ஸ் லிமிடெட்டோடு சேர்ந்து தொடங்கிய யூக்கால் நிறுவனம் மறைமலைநகரில் ‘மிக்கார்ப்’ கார்புரேட்டரை வார்த்தது. திருவொற்றியூரில் செய்த புல்லட் மோட்டார் சைக்கிளில், ஓட்டுகிறவரின் தொடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அதுதான்.

மலேசியாவுக்கு வந்த கிளை வேறு. 1950களின் இறுதியில், பினாங்கின் லோ பூன் சியூ ஜப்பானில் ஹோண்டா கப் வண்டியைப் பார்த்து, இங்கே விற்கும் உரிமையைப் பெற்றார். புஜியானிலிருந்து சிறுவனாக வந்து பேருந்து கழுவி, பட்டறையில் வேலை கற்றவர் அவர். எந்த வண்டி இந்த மண்ணில் நிற்கும் என்று கணிக்க அந்த அனுபவம் கை கொடுத்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஹோண்டாவோடு கெய்ஹின் கார்புரேட்டர் வந்தது, யமஹாவோடு மிக்குனி வந்தது. 1996இல் குருணில் செய்த மொடெனாஸ் கிரிஸ்ஸும் கார்புரேட்டரோடுதான் பிறந்தது.

ஜப்பானில் இருக்கும் தொழிற்சாலைக்குக் கிள்ளானின் காற்று எப்படித் தெரியும்? துறைமுகப் பக்கத்து ஈரக்காற்று, நண்பகல் வெயில், பின்னால் கட்டிய நாளிதழ்க் கட்டு, பத்து வருடம் ஓடித் தேய்ந்த பிஸ்டன் எதுவுமே அங்கே தெரியாது. ஆகவே கடைசி வேலையை வண்டி ஓடும் ஊரிடமே விட்டார்கள். அந்த வேலைக்கென்று விட்டுவைத்த இடம்தான் இந்த ஸ்க்ரூ. இதைப் பழுது பார்க்கும் வேலையோடு சேர்க்க எனக்கு மனமில்லை. வண்டியைச் செய்து முடிக்கும் வேலை என்றே சொல்வேன்.

அந்த வேலை நன்றாகத் தெரிந்த ஒரு பட்டறைப் போர்மேன் அதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இஞ்சின் சூடாக இருந்தால்தான் தொடுவார். ஆறிய வண்டியைக் கொண்டுபோனால், “லிட்டில் இந்தியா வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வா, தம்பி” என்று திருப்பி அனுப்பிவிடுவார். வந்ததும் இஞ்சினை அணைத்து, ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகுவார். முனை அடியில் தொட்டதும் கை நின்றுவிடும். அங்கே பலம் காட்டினால் கூர்முனை துளைக்குள் முறிந்துபோகும், பிறகு கார்புரேட்டரையே தூக்கி எறிய வேண்டியதுதான். அடியிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. பல கார்புரேட்டர்களுக்கு அதுதான் தொடக்கப் புள்ளி.

பிறகு இஞ்சினைக் கிளப்பி, ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி, கால் கால் சுற்றாகத் திருப்புவார். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் சில நொடி காத்திருப்பார், இஞ்சின் பதில் சொல்ல அவ்வளவு நேரம் எடுக்கும். சத்தம் ஏறும், ஓரிடத்தில் தெளியும், தாண்டினால் தடுமாறும். தெளிந்த இடத்துக்கே திரும்பி வந்து ஐட்லிங்கை இறக்குவார். கடைசியாகத் திராட்டலைச் சட்டென்று முறுக்கி விடுவார். சத்தம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கினால் காற்று அதிகம். இறங்கும்போது அளவுக்குக் கீழே போய் முக்கி மீண்டால் பெட்ரோல் அதிகம். “மூணு நாள் ஓட்டு. காலைல முதல் உதையிலேயே எடுக்குதான்னு வந்து சொல்லு” என்பார்.

புதிதாகக் கையாள்கிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்க்ரூ பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் கலவை மெலியும். இஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் செறியும். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் திருகினால் நோய்க்கு நேர் எதிர் மருந்தைக் கொடுத்ததாக முடியும். இன்னொன்று, பெடரல் ஹைவே மோட்டார் பாதையில் மழையில் நனைந்து வந்த வண்டி மறுநாள் முக்கினால் ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. நனைந்த பில்டர் காற்றை மறித்திருக்கும், அதை உலர்த்திவிட்டாலே போதும்.

இந்த ஸ்க்ரூவின் அருமை முழுதும் தெரிவது கெந்திங் போகும்போது. பிரிக்பீல்ட்ஸ் கிட்டத்தட்டக் கடல் மட்டத்து ஊர். கெந்திங் உச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை, அதனால் கலவை செறிந்து வண்டி மூச்சுத் திணறும். ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பிக் கலவையை மெலிய வைத்தால் ஐட்லிங் சீராகும். ஆபத்து இறக்கத்தில். 133 சிசி ஆர்எக்ஸ்ஸெட் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு உராய்வைத் தடுக்கும் ஆயில் பெட்ரோல் கலவையோடு சேர்ந்தேதான் உள்ளே போகிறது. மேலே மெலிய வைத்ததை மறந்துவிட்டுத் திராட்டலை மூடியபடி கோம்பாக் வரை இறங்கினால், காற்று அடர்ந்துகொண்டே வரும், கலவை இன்னும் மெலியும், பிஸ்டன் சூடேறி இஞ்சின் ஜாம் ஆகலாம். மேலே திருப்பியதை மேலேயே திரும்ப வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

உலகம் இந்த ஸ்க்ரூவை மெல்ல மூடியது. அமெரிக்காவில் 1978 மாடல் ஆண்டிலிருந்து மோட்டார் சைக்கிள் புகைக்குக் கட்டுப்பாடு வந்ததும், அங்கே போகும் வண்டிகளில் தயாரிப்பாளர்கள் ஸ்க்ரூவின் மேல் உலோக மூடி அடித்தார்கள். சில கார்புரேட்டர்களில் சாதாரண ஸ்க்ரூடிரைவருக்குச் சிக்காதபடி தலையையே வேறு வடிவில் செய்தார்கள். காரணம் நியாயமானது. ஆளாளுக்குத் திருகிய லட்சக்கணக்கான வண்டிகளின் புகையை நகரத்துப் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள்.

அதற்கு எதிர்த்திசையில் போனது ஒரு சின்னப் பொருள். காட்டு வழி ஓட்டும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் ஸ்க்ரூ கார்புரேட்டரின் அடியில், சூடான இஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். அதற்கென்றே நீண்ட தண்டும் விரலால் பிடிக்கும் குமிழும் கொண்ட ஸ்க்ரூ செய்தார்கள். கருவி வேண்டாம், கையுறையோடே திருப்பலாம். ஜெட்டைக் கழற்றி மாற்றும் அளவுக்கு நேரமோ பொறுமையோ இல்லாதவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அது ஐட்லிங்கையும் முதல் கால்வாசியையும் மட்டுமே சரிசெய்யும். மேல்வேகத்தில் வண்டி இழுக்கவில்லை என்று குமிழைத் திருகிக்கொண்டிருப்பது வீண்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்போது புதிதாக வரும் வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன். 2006இல் கார்புரேட்டரோடு வந்த யமஹா 135 எல்சிகூட மாறிவிட்டது. சென்சார்கள் காற்றையும் சூட்டையும் அளக்கின்றன, கணினி பெட்ரோலை அளந்து விடுகிறது. கெந்திங் ஏறும்போது ஓட்டுநர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பெட்ரோலும் மிச்சம், புகையும் குறைவு. இதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆர்எக்ஸ்ஸெட், பழைய இஎக்ஸ்5, சி70 வைத்திருக்கும் இளைஞர்கள் இருக்கும்வரை, சத்தத்தைக் கேட்டே ஸ்க்ரூவைத் திருப்பும் அந்தக் காது தேவைப்படும். கற்றுக்கொடுக்கக்கூடிய போர்மேன்கள் முதியவர்களாகிவிட்டார்கள். பக்கத்தில் நின்று கேட்டுப் பழகுவதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

குமிழ் வைத்த ஸ்க்ரூ வாங்குகிறவர்கள் முதலில் தங்கள் கார்புரேட்டர் மாடலைச் சொல்லிக் கேளுங்கள். முனையின் சரிவு ஒன்றுக்கொன்று வேறுபடும். இஞ்சின் பக்கம் இருக்கும் ஸ்க்ரூவானால் பெரும்பாலும் ஸ்பிரிங், அதன்மேல் வாஷர், அதன்மேல் ஓ-ரிங், இந்த வரிசையில் மூன்றும் இருக்கும். ஓ-ரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும், பழையதை எடுக்காமல் புதியதை வைத்தால் காற்று கசியும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதிர்விலேயே குமிழ் சுழன்றுவிடும். பழைய ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அது அடி தொட எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணி, சீட்டுக்கு அடியில் மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள்.