மதுவமும் மனிதத் தேவையும்

விஞ்ஞான வரலாற்றை அறிஞரின் மதிநுட்ப வரலாறாக மட்டுமே நாம் வகுப்பறைகளிற் கற்பித்து வருகின்றோம். அம்மதியை இயக்கிய தேவை யாது, முடக்கிய நலன் யாது என வினவுவதில்லை. தன் கலத்தினுள் எண்ணெயைச் சேமிக்கும் மதுவத்தின் கதை இவ்வினாவை எம்முன் வைக்கின்றது.

1914இல் மூண்ட உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை ஜேர்மனியை முற்றுகையிட்டது. கொழுப்புணவு அருகிற்று, 1916-17 மாரியிற் கால்நடைத் தீனியான கிழங்கை மக்கள் உண்டனர். பேர்லினில் பவுல் லிண்ட்னர் என்னும் அறிஞர், மரக்கசிவில் வாழும் மதுவம் போன்ற பங்கசொன்றிலிருந்து கொழுப்பைப் பெற முயன்றார். விளைவு சிறிது; உழைப்போ பெரிது. அதேவேளை, வெடிமருந்துக்கு வேண்டிய கிளிசரீனை மதுவத்தின் துணையால் வெல்லத்திலிருந்து மாதம் 1000 தொன் அளவில் ஆலைகள் உற்பத்தி செய்தன. வயிற்றுக்கான முயற்சி ஆய்வுகூடத்திலே தேங்கிற்று. பீரங்கிக்கான முயற்சி பெருந்தொழிலாயிற்று.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் ஐரோப்பாவில் இம்முயற்சி மீண்டும் தலையெடுத்தது. போர் ஓய்ந்ததும், வெப்பவலயத் தோட்டத் தொழிலாளரின் மலிவான உழைப்பில் விளைந்த எண்ணெய் மதுவத்தை மறக்கச் செய்தது.

மதுவத்தின் இயல்பு விந்தையானது. நைதரசன் தீர்ந்து வெல்லம் எஞ்சுகையில், பெருக இயலாத கலம் காபனைக் கொழுப்பாக்கிச் சேமிக்கின்றது. உலர் நிறையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் கொழுப்புடையதையே எண்ணெய் மதுவம் என்பர். 2014இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர், யரோவியா என்னும் மதுவத்தின் பரம்பரை அலகுகளை மாற்றி, அப்பங்கை ஏறத்தாழ 90 சதவீதம்வரை உயர்த்தினர். ஆயினும் கழிவு தூய வெல்லமன்று. வைக்கோலையும் மரத்தூளையும் அமிலத்தாற் சிதைக்கையில், வெல்லத்தோடு அசற்றிக்கமிலம் முதலிய நச்சுகளும் தோன்றுகின்றன. அவற்றைத் தாங்கும் இனங்களை உருவாக்குவதே இன்றைய பணி.

தாவர எண்ணெயிலிருந்து டீசல் செய்யும் ஆலைகளிற் கிளிசரீன் இன்று கழிவாகக் குவிகின்றது. அன்று குண்டுக்காகத் தேடிய அப்பொருளை உண்டு, யரோவியா மீண்டும் எரிபொருளுக்கான எண்ணெயைத் தருகின்றது!

எனினும் தாவர எண்ணெயினும் இதற்குச் செலவு மிகுதி என்பதே தடை. ஆற்றிற் கலக்கும் ஆலைக்கழிவின் கேட்டைச் சந்தை கணக்கிலெடுப்பதில்லை. போருக்குப் பொருள் தேடிய அரசுகள் விலை பார்த்தனவா? மதுவத்தைத் திருத்துவது விஞ்ஞானியின் கடமை. அதன் பயன் எவருக்கெனத் தீர்மானிப்பது சமுதாயத்தின் கடமை.